கிளாரினெற் குடும்பமும் மொஸாற்றின் இறுதிக் கொன்சேட்டோவும்

1

இசைக்கருவிகளைக் குடும்பம் குடும்பமாக வகுத்து நோக்குதல் மேலைத்தேய இசையியலாளரின் நெடுநாள் வழக்கமாகும். வயலின் குடும்பம், கிளாரினெற் குடும்பம் முதலாய தொடர்கள் அவ்வழக்கின் வழி வந்தவையே. கற்போருக்கு இவ்வகுப்புமுறை பெரிதும் வசதியானது. ஆயினும் வசதியான வகுப்புமுறைகள் பலவற்றுக்கும் உரிய குறையொன்று இதற்கும் உண்டு. ஒரு குடும்பத்தவர் என்று கூறிய மாத்திரத்தே அவர்களிடையேயுள்ள ஒற்றுமை முதன்மை பெற்றுவிடுகின்றது. வேற்றுமை வெறும் அளவு வேற்றுமையாகச் சுருங்கிவிடுகின்றது. சிறிய கருவி உயர்ந்து ஒலிக்கும், பெரிய கருவி தாழ்ந்து ஒலிக்கும் என்பதற்கு மேல் சொல்வதற்கு எதுவுமில்லை என்ற எண்ணம் நிலைபெறுகின்றது.

இவ்வெண்ணம் பொருந்தாது என்பதைத் தமிழிசை மரபறிந்தோர் எளிதில் உணர்வர். நாகசுரத்தில் திமிரி, பாரி என இருவகை உண்டு. திமிரி நீளம் குறைந்தது, சுருதி உயர்ந்தது. பாரி நீண்டது, சுருதி தாழ்ந்தது. திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை (1898–1956) பாரியைக் கையாண்டு அதனை நிலைநிறுத்தியபோது சுருதி மட்டும் தாழவில்லை. நாகசுர ஒலியின் தன்மையே மாறியது. கருவியின் நீளத்தில் நிகழ்ந்த மாற்றம் கலையின் இயல்பிலும் மாற்றமாயிற்று.

இத்தகைய மாற்றம் கிளாரினெற் குடும்பத்தினுள்ளும் நிகழ்ந்துள்ளது. அதன் முக்கியத்துவத்தை நன்கு உணர்த்தும் சான்று, மொஸாற் 1791ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நிறைவு செய்த கிளாரினெற் கொன்சேட்டோ ஆகும். கோஷெல் பட்டியலில் 622 என்னும் எண் பெற்ற இப்படைப்பு அவர் எழுதிய கொன்சேட்டோக்களுள் இறுதியானது. அவ்வாண்டு டிசெம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். இக்குடும்பத்தின் ஓர் உறுப்புக்கென எழுதப்பட்ட இப்படைப்பு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் பிறிதோர் உறுப்பிலேயே வாசிக்கப்பட்டு வந்தது. இதனால் இழக்கப்பட்டது யாது என்னும் வினாவிற்கு விடை காண்பதற்குக் கருவிகளின் வேற்றுமையைச் சற்றே நுணுகி நோக்குதல் வேண்டும்.

2

கிளாரினெற் ஒற்றைச் சீவாளி கொண்டது. அதன் குழல் பெரும்பாலும் உருளை வடிவினது. நாகசுரமோ இரட்டைச் சீவாளியும் கூம்பு வடிவக் குழலும் உடையது. இவ்விரு வடிவங்களிடையேயுள்ள வேறுபாடு தோற்றத்தோடு அமைவதன்று. கூம்பு வடிவக் குழலில் ஊதும் அழுத்தத்தை மாற்றும்போது அதே சுரம் அடுத்த ஸ்தாயியில் எழும். ஒரு முனை மூடிய உருளைக் குழலிலோ முதல் மேற்றொனியின் மீடிறன் அடிப்படைச் சுரத்தின் மீடிறனிலும் மும்மடங்காகும். எனவே ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்திற்குத் தாவாது, அதனையும் கடந்து மேல் ஸ்தாயிப் பஞ்சமத்திற்கு ஒலி தாவுகின்றது. இவ்விடைவெளி 19 அரைச்சுரங்களைக் கொண்டது.

கிளாரினெற்றின் தனித்துவம் இவ்விடைவெளியிலேயே தங்கியுள்ளது. அதன் கீழ்ப்பகுதியும் மேற்பகுதியும் ஒரே கருவியின் இரு குரல்களாக ஒலிக்கின்றன. கீழ்ப்பகுதி தடித்ததும் இருண்டதுமான ஒலியுடையது; கிளாரினெற்றின் மூதாதையான ஷலுமோ என்னும் குழலின் பெயராலேயே அப்பகுதி இன்றும் சுட்டப்படுகின்றது. மேற்பகுதி தெளிந்ததும் ஒளிமிக்கதுமாகும். கிளாரினெற் என்னும் பெயரே கிளாரினோ எனப்பட்ட எக்காளத்தின் பெயரிலிருந்து பிறந்தது. நூரெம்பேர்க் நகரத்து யொஹான் கிறிஸ்தோப் டென்னர் (1655–1707) என்பார் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கருவியை உருவாக்கினார் என்பது மரபு. ஷலுமோவில் அமைந்திருந்த ஒற்றைப் பகுதியை இரண்டாக்கி, தாழ்குரலும் உயர்குரலும் ஒரே குழலில் உரையாட வழிசெய்ததே இக்கண்டுபிடிப்பின் சாரம் எனலாம்.

இக்கருவி ஒன்றாய் நில்லாது பலவாய்க் கிளைத்தமைக்கு முதற்காரணம் விரல்முறையாகும். தொடக்ககாலக் கிளாரினெற்றில் துளைகளை மூடித்திறக்கும் விசைகள் மிகச் சிலவே இருந்தன. ஒரு சுருதியில் எளிதாக வாசிக்கத்தக்க இசை பிறிதொரு சுருதியில் வாசித்தற்கரியதாயிற்று. ஆகவே சுருதிக்கொரு கருவி தேவைப்பட்டது. கர்நாடக இசைஞர் ஒரே ஸரிகமவைத் தத்தம் கட்டைக்கேற்பப் பாடுவது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. கிளாரினெற் வாசிப்பவர் ஒரே குறியீட்டை ஒரே விரல்முறையில் வாசிக்கின்றார். கையிலுள்ள கருவியே கட்டையைத் தீர்மானிக்கின்றது.

இன்று பெருவழக்கிலுள்ளது ஆறரைக் கட்டைக்குரிய பீ பிளாற் கிளாரினெற்றாகும். அதனினும் சில சென்ரிமீற்றர் நீண்டது ஆறு கட்டைக்குரிய ஏ கிளாரினெற். இவ்விரண்டையும் சோடியாக வைத்துக்கொள்ளுதல் இசைக்குழுக் கலைஞரின் வழக்கம். இவற்றிற்கு மேலே இரண்டரைக் கட்டைக்குரிய சிறிய ஈ பிளாற் கிளாரினெற்றும் அதனினும் அரைச்சுரம் தாழ்ந்த டீ கிளாரினெற்றும் உள்ளன. கீழே, நான்கு கட்டைக்குரிய பாஸெற் ஹோர்ணும், பீ பிளாற் கருவிக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் பாஸ் கிளாரினெற்றும், அதற்கும் ஒரு ஸ்தாயி தாழ்ந்த கொன்றபாஸ் கிளாரினெற்றும் அமைகின்றன.

இவ்வரிசையில் ஒரு நுட்பம் கவனிக்கப்படுவதில்லை. வழக்கமான கிளாரினெற்றின் மிகத் தாழ்ந்த சுரம் எழுத்தில் ஈ ஆகும். எழுத்திலுள்ள சீயை ஸட்ஜமாகக் கொண்டால் அது அந்தர காந்தாரமாகும். அதாவது கீழ்நோக்கி இறங்கும் இசை காந்தாரத்தோடு நின்றுவிடும். அதற்குக் கீழுள்ள ஸட்ஜம் அக்கருவியில் இல்லை. பாஸெற் ஹோர்ணின் குழல் மேலும் நீட்டப்பட்டு, நான்கு அரைச்சுரங்கள் கூட்டப்பட்டு, ஸட்ஜம் வரை செல்கின்றது. எனவே இக்குடும்பத்தவரின் வேற்றுமை ஒருவகையினதன்று. சுருதி வேற்றுமை, ஒலிநிற வேற்றுமை, எல்லை வேற்றுமை என அது மூவகைப்படும். இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே பல குழப்பங்கள் விளைகின்றன.

3

மொஸாற் இவ்வேற்றுமைகளை எத்துணைக் கூர்மையாக உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய இறுதிக்கால ஆக்கங்களே சான்று. வியன்னாவில் வாழ்ந்த அன்ரன் ஸ்ராட்லர் (1753–1812) அவருக்கு நண்பர். கிளாரினெற்றிலும் பாஸெற் ஹோர்ணிலும் ஒருங்கே வல்லவர். தாழ்ந்த பகுதியில் தனி நாட்டம் கொண்ட ஸ்ராட்லர், தியோடோர் லொற்ஸ் என்னும் கருவியாக்குநரோடு தொடர்புகொண்டு, பாஸெற் ஹோர்ணைப் போலக் கீழ் ஸட்ஜம் வரை நீளும் கிளாரினெற் ஒன்றினைப் பெற்றார். இன்று பாஸெற் கிளாரினெற் எனப்படுவது இதுவே. இப்பெயர் இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் இட்டதாகும்.

1791 செப்ரெம்பர் 6ஆம் நாள் பிராக் நகரில் அரங்கேறிய ‘தீத்தோவின் கருணை’ என்னும் இசைநாடகத்தில் ஸ்ராட்லருக்கென இரு தனிப்பகுதிகளை மொஸாற் எழுதினார். விட்டேலியாவின் மீது கொண்ட காதலினால், தன் நண்பனான பேரரசனைக் கொல்லப் புறப்படும் செஸ்தோவின் பாடலுக்குத் துணையாகப் பாஸெற் கிளாரினெற் ஒலிக்கின்றது. அரசியாகும் கனவு முற்றாகக் கலைந்து, தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளத் துணியும் விட்டேலியாவின் இறுதிப் பாடலுக்குத் துணையாவது பாஸெற் ஹோர்ண். கலைஞர் ஒருவரே. இரு கருவிகளும் கீழ் ஸட்ஜம் வரை செல்பவையே. எல்லை பற்றிய தேவை மட்டும் இருந்திருப்பின் ஒரே கருவி போதுமானதாயிருந்திருக்கும். தயங்கித் தயங்கிப் பின் விரைந்தோடும் இளைஞனின் உணர்ச்சிக்குத் துள்ளலும் தெளிவும் உடைய கருவியையும், தாழ்ந்த ஸ்தாயியில் இறங்கிப் பாடும் பெண்ணின் துயருக்கு மங்கலான ஒலியுடைய கருவியையும் அவர் தேர்ந்தமை தற்செயலானதன்று. அதே ஆண்டில் எழுதத் தொடங்கி முற்றுப்பெறாது விட்ட இரங்கல் திருப்பலி இசையில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெற் யாவற்றையும் நீக்கி இரு பாஸெற் ஹோர்ண்களை வைத்துக்கொண்டமையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. மொஸாற்றைப் பொறுத்தவரையில் இக்குடும்பத்தவர் ஒருவருக்கொருவர் மாற்றாளர் அல்லர்.

4

இத்தகைய தெளிவோடு எழுதப்பட்ட கொன்சேட்டோவிற்கு நேர்ந்த கதி வேறு. அதன் மூலக் கையெழுத்துப்படி இன்று கிடைக்கவில்லை. மொஸாற் மறைந்து பத்தாண்டுகளின் பின், 1801இல் ஒஃபென்பாக் நகரத்து அந்திரே பதிப்பகம் அதனை வெளியிட்டது. ஸ்ராட்லரின் கருவி பிறரிடம் இல்லாமையால் தனிக்கருவிப் பகுதி வழக்கமான கிளாரினெற்றுக்கு ஏற்றவாறு திருத்தப்பட்டிருந்தது. காந்தாரத்திற்குக் கீழ்ச் சென்ற தொடர்கள் ஒரு ஸ்தாயி மேலே உயர்த்தப்பட்டன. சில இடங்களில் தொடரின் வடிவமே மாற்றப்பட்டது. திருத்தியவர் பெயர் நூலில் இல்லை.

இம்மாற்றம் அக்காலத்தில் எவருக்கும் தெரியாதிருந்தது என்று கூறுவதற்கில்லை. 1802இல் லைப்சிக் இசை இதழொன்றில் வெளிவந்த மதிப்புரை, மூலப் பகுதி கீழ் ஸட்ஜம் வரை சென்றதெனச் சுட்டி, மாற்றப்பட்ட இடங்கள் சிலவற்றை எடுத்துக்காட்டியது. பொதுக் கலைஞருக்கு உதவுமாறு செய்த திருத்தத்தை அது பாராட்டிற்று. ஆயின் மூலத்தையே அச்சிட்டு, திருத்தங்களைச் சிறிய எழுத்தில் உடன் தந்திருக்கலாம் என்றும் கூறிற்று. இன்றைய பதிப்பாசிரியர் எவரும் தலைவணங்கத்தக்க நெறி இது. எனினும் அம்மதிப்புரை மறக்கப்பட்டது. திருத்தப்பட்ட வடிவமே கல்லூரிகளிலும் அரங்குகளிலும் வேரூன்றிற்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நிலைமை மாறலாயிற்று. சுவிற்சர்லாந்தின் வின்ரர்தூர் நகரில் பேணப்படும் கையெழுத்துப்படியொன்று இதற்குப் பெரிதும் உதவிற்று. முன்னர்ப் பாஸெற் ஹோர்ணுக்கென மொஸாற் தொடங்கி விட்ட 199 சந்தங்கள் அதிலுள்ளன. கொன்சேட்டோவின் முதற்பகுதியோடு அவை பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றன. அங்கே தனிக்கருவி தயக்கமின்றிக் கீழ் ஸட்ஜத்திற்கு இறங்குகின்றது. இச்சான்றையும் 1802ஆம் ஆண்டு மதிப்புரையையும் துணைக்கொண்டு மூல வடிவத்தை மீட்கும் முயற்சிகள் தொடர்ந்தன. 1977இல் மொஸாற் ஆக்கங்களின் புதிய பதிப்பு மீட்டெடுத்த வடிவத்தையும் வழக்கிலுள்ள வடிவத்தையும் ஒருங்கே தந்தது. 1992இல், ஸ்ராட்லர் 1794இல் றீகா நகரில் நடத்திய கச்சேரிகளின் நிகழ்ச்சித்தாளில் அவரது கருவியின் படம் இருப்பது வெளிப்படுத்தப்பட்டது. குமிழ் போன்ற வாய்ப்பகுதியைக் கொண்ட அக்கருவி மீண்டும் செய்யப்படலாயிற்று. இன்று பாஸெற் கிளாரினெற்றில் இப்படைப்பை வாசிப்போர் பலர்.

5

இனி, இழக்கப்பட்டது யாது என்னும் வினாவிற்கு மீளலாம். ஒன்றிரண்டு சுரங்கள் மேலே சென்றன, அவ்வளவே என்பார் உளர். இக்கூற்று இரு காரணங்களால் ஏற்கத்தக்கதன்று.

முதலாவது, இக்கொன்சேட்டோ ஏ கிளாரினெற்றுக்கு எழுத்தில் சீ சுருதியிலேயே அமைகின்றது. எனவே கூட்டப்பட்ட நான்கு அரைச்சுரங்களின் அடியிலுள்ள சீ, படைப்பின் ஆதார ஸட்ஜமேயாகும். வழக்கமான கருவியில் கீழ்நோக்கி இறங்கும் இசை காந்தாரத்தில் தடைபட்டு மேலே திரும்பவேண்டியுள்ளது. பாஸெற் கருவியிலோ அது தன் ஆதாரத்தைச் சென்றடைந்து இளைப்பாறுகின்றது. ஒரு பாடகர் மந்திர ஸ்தாயியில் இறங்கி ஸட்ஜத்தில் நிற்கும்போது கேட்போர் அடையும் நிறைவையும், அதற்கு முன்னரே அவர் நிறுத்திக்கொள்ளும்போது எஞ்சும் குறையையும் இசையறிந்தோர் அறிவர். இது அலங்காரம் பற்றிய வேறுபாடன்று.

இரண்டாவது, தாழ்குரலும் உயர்குரலும் மாறிமாறி உரையாடுதல் இப்படைப்பின் உயிர்நாடியாகும். இசைக்குழுவில் ஓபோக்கள் இல்லை. வேறு கிளாரினெற்றுக்களும் இல்லை. புல்லாங்குழல், பஸூன், ஹோர்ண் என்பன இவ்விரண்டு மட்டுமே தந்திக்கருவிகளோடு நிற்கின்றன. இவ்வாறு ஒதுக்கப்பட்ட வெளியில் தனிக்கருவி தானே வினவித் தானே விடையிறுக்கின்றது. தாழ்குரலுக்குரிய தொடரை ஒரு ஸ்தாயி உயர்த்தியதும் இருவர் பேசிய இடத்தில் ஒருவரே தொடர்ந்து பேசுவது போலாகின்றது. உருவம் சிதைந்தபோது உள்ளடக்கமும் சிதைந்தது. இவை இரண்டும் பிரிக்கவொண்ணாதவை என்று இலக்கியத் திறனாய்வில் அடிக்கடி கூறப்படும் கருத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இவ்வாறு கூறுவதனால், எழுதப்பட்ட கருவியிலன்றிப் பிறிதொன்றில் எப்படைப்பையும் வாசித்தல் ஆகாது என்று முடிவுசெய்தல் மறுபுறத் தவறாகும். றிச்சாட் ஸ்ரவுஸ் 1895இல் ஆக்கிய ‘தில் ஒய்லன்ஸ்பீகல்’ என்னும் இசைச்சித்திரத்தில் குறும்பனின் தூக்குமேடைக் கூக்குரலை எழுப்புவது டீ கிளாரினெற்றாகும். இன்று பெரும்பாலும் ஈ பிளாற் கிளாரினெற்றிலேயே அது வாசிக்கப்படுகின்றது. அரைச்சுர அளவில் வேறுபடும் இவ்விரு சிறு கருவிகளும் கூர்மையான ஒலியையே உடையன. எந்தத் தொடரும் முறிவதில்லை. எந்தச் சுரமும் இடம்பெயர்வதில்லை. இங்கு நிகழ்வது கருவி மாற்றமேயன்றிப் படைப்பு மாற்றமன்று. இதற்கு மாறாக, பெர்லியோஸின் ‘விசித்திரச் சிம்பொனி’யில் (1830) காதலியைக் குறிக்கும் இசைத்தொடர் இறுதிப் பகுதியிலே சூனியக்காரியின் கும்மாளமாகத் திரிபடையும்போது, அதனை ஈ பிளாற் கிளாரினெற்றின் கீச்சொலியினின்றும் பிரித்துப் பீ பிளாற் கருவிக்கு மாற்றின் ஏளனம் மறைந்துவிடும். அங்கு ஒலிநிறமே பொருள். வாக்னரின் ‘திறிஸ்தான்’ நாடகத்தில் துரோகத்தை எண்ணி நொந்து பேசும் மார்க்கெ மன்னனுக்குத் துணையாகும் பாஸ் கிளாரினெற்றும் அத்தகையதே.

ஆகவே, குடும்பத்தின் ஓருறுப்பை மற்றோருறுப்பால் பதிலிடலாமா என்னும் வினாவிற்குப் பொதுவிடை இல்லை. அப்படைப்பு மேற்கூறிய மூவகை வேற்றுமைகளுள் எதில் ஊன்றி நிற்கின்றது என்பதே முதலில் கேட்கப்படவேண்டியது. சுருதி வசதியை மட்டும் சார்ந்த இடத்தில் மாற்றம் தீங்கற்றது. ஒலிநிறத்தைச் சார்ந்த இடத்தில் அது பொருளைக் குன்றச் செய்யும். எல்லையைச் சார்ந்த இடத்தில் படைப்பின் வடிவத்தையே அது குலைத்துவிடும்.

இவ்வினாவைத் தொடக்கத்திலேயே எதிர்கொண்டோரும் உளர். 1812இல் இவான் மியூல்லர் என்பார் 13 விசைகள் கொண்ட கிளாரினெற்றைப் பாரிஸ் இசைக் கல்லூரியின் ஆய்வுக்குழு முன் வைத்தார். எல்லாச் சுருதிகளையும் ஒரே கருவியில் வாசிக்கலாம். சீ, பீ பிளாற், ஏ என வெவ்வேறு கருவிகள் தேவையில்லை என்பது அவரது வாதம். குழு அதனை ஏற்கவில்லை. ஒவ்வொரு கருவிக்கும் உரிய ஒலித்தன்மையை இசைப்படைப்பாளர் இழந்துவிடுவர் என்று அது காரணம் காட்டிற்று. பழமை பேணுவோரின் பிடிவாதமென இம்முடிவைப் புறந்தள்ளுதல் எளிது. உண்மையில் இரு தரப்பினரும் ஒரு பாதியைக் கண்டவர்களே. மியூல்லர் கண்டது சுருதி வேற்றுமையை. குழுவினர் கண்டது ஒலிநிற வேற்றுமையை. பின்வந்த வரலாறும் இருவருக்கும் பாதி வெற்றியையே வழங்கியது. விசை அமைப்புக்கள் வளர்ந்தன. சீ கிளாரினெற் பெரும்பாலும் வழக்கிறந்தது. ஆயினும் அரைச்சுரமே வேறுபடும் பீ பிளாற், ஏ ஆகிய இரண்டும் இன்றும் சேர்ந்தே வாழ்கின்றன. பிராம்ஸ் 1891இல் எழுதிய ஐவர் இசையை ஏ கிளாரினெற்றுக்கும், 1894இல் எழுதிய இரு சொனாற்றாக்களைப் பீ பிளாற்றுக்கும் அமைத்தார்.

6

1801ஆம் ஆண்டுப் பதிப்பைக் குற்றம் கூறுவோர் ஒன்றை மனங்கொள்ளுதல் வேண்டும். ஸ்ராட்லரின் கருவி அவரோடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. மூல வடிவம் மட்டுமே அச்சேறியிருந்தால் வாசிப்பாரின்றி அது தூசு படிந்து கிடந்திருக்கக்கூடும். திருத்தியவர் அதனை வாழவைத்தார். அவர் செய்த பிழை திருத்தியமையன்று. திருத்தியதைச் சொல்லாது விட்டமையே. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளை, சாமிநாதையர் ஆகியோரின் உழைப்பை அறிந்த தமிழ் மாணவருக்குப் பாடபேதத்தின் பெறுமதியைக் கூறவேண்டியதில்லை. பாடபேதம் மறைக்கப்பட்டவிடத்துத் திறனாய்வாளன் பதிப்பாசிரியனின் சொல்லைப் புலவனின் சொல்லெனப் போற்ற நேரும். இக்கொன்சேட்டோவின் பொருட்டு மொஸாற்றுக்குச் சூட்டப்பட்ட புகழுரைகள் பலவற்றில் பெயரறியாத ஒருவரின் கைவண்ணமும் கலந்திருந்தது.

மீட்டெடுத்த வடிவமும் முற்றும் உறுதியானதன்று. 199 சந்தங்களுக்கு அப்பால் அது பெரும்பாலும் தகுந்த ஊகமே. ஆனால் அவ்வூகம் தன்னை ஊகமென்று வெளிப்படக் கூறுகின்றது. ஏ கிளாரினெற்றில் வாசிக்கப்பட்ட சிறந்த வாசிப்புக்கள் அதனால் மதிப்பிழந்துவிடா. அவை எதனை வாசிக்கின்றன என்பதுதான் இப்போது தெளிவாகின்றது. கருவிகளின் வேற்றுமையை அறிதல் வாத்தியக்காரரின் தொழில்நுட்பச் செய்தி எனத் திறனாய்வாளர் ஒதுக்கிவிடுதல் தகாது. காந்தாரத்தில் நின்றுபோன ஓர் இறக்கத்தைக் கேட்டு, அது ஸட்ஜத்தைத் தேடியதென உணர்வதற்குச் செவி மட்டும் போதாது. அந்தக் குழல் எதுவரை நீண்டிருந்தது என்ற அறிவும் வேண்டும்.